கோச் பதில் சொல்லாத கேள்வி: அமெரிக்கப் பள்ளி விளையாட்டில் பெற்றோர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். பிள்ளை இந்த ஆண்டு டீமில் சேர வேண்டுமானால் கீழ்க்கண்ட படிவங்களை நிரப்புங்கள் என்று இருக்கும். மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று, தலையில் அடிபடுவது பற்றிய அறிவிப்பு, திடீர் இதய நிறுத்தம் பற்றிய அறிவிப்பு, நடத்தை விதிகள், முகவரி உறுதிமொழி, சில பள்ளிகளில் போதைப்பொருள் பரிசோதனைக்குச் சம்மதம், கடைசியில் பெற்றோருக்கென்றே தனியாக ஓர் ஒப்பந்தம். செல்பேசி ஆப்பில் ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்று அழுத்துகிற மாதிரியே இதையும் அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

அக்டோபரில்தான் அது என்னவென்று தெரியவரும். ஒரு பாடத்தில் 68 வாங்கியதால் பையன் மூன்று வாரம் ஆடக் கூடாது. பள்ளி மாறியதால் பெண் ஒரு வருஷம் முதல் டீமில் இறங்கக் கூடாது. ‘என் பிள்ளையை ஏன் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறீர்கள்?’ என்று கேட்டால், அதைப் பற்றிப் பேச முடியாது என்கிறார் கோச். எல்லாமே நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விஷயம்தான். அமெரிக்காவில் பள்ளிக்கல்வி படிக்காத பெற்றோருக்கு, அதாவது நம்மில் பலருக்கு, இந்த விதிகளின் பின்னணி தெரிய வாய்ப்பில்லை. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

விதி போடுவது யார்?

இந்தியாவில் பள்ளி விளையாட்டு மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏணிப்படியாக மேலே போகும். அமெரிக்காவில் பெரும்பாலும் மாநிலத்தோடு ஏணி முடிந்துவிடும். விதிகள் மூன்று அடுக்கில் வருகின்றன.

1. தேசியக் கூட்டமைப்பு. மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 1920இல் தொடங்கியது, தலைமையகம் இண்டியானாபொலிஸ். 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சேர்ந்து 51 சங்கங்கள் இதன் உறுப்பினர்கள். பல விளையாட்டுகளுக்கு ஆட்ட விதிப் புத்தகம் எழுதுவது இதுதான். யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று தீர்மானிக்கும் வேலை இதற்குக் கிடையாது.

2. மாநிலச் சங்கம். டெக்சஸில் யூ.ஐ.எல்., கலிஃபோர்னியாவில் சி.ஐ.எஃப். என்று மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். வயது, மதிப்பெண், பள்ளி மாற்றம், பயிற்சி நேரம் எல்லாம் இதன் கையில். உண்மையான அதிகாரம் இங்கேதான்.

3. பள்ளியும், அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டமும். மாநில விதியைத் தளர்த்த முடியாது, இறுக்கலாம். நடத்தை விதிகள், பயிற்சிக்கு வராவிட்டால் தண்டனை, பெற்றோர் ஒப்பந்தம் ஆகியவை இந்த அடுக்கைச் சேர்ந்தவை.

நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் சொன்ன விதி டல்லாஸில் செல்லாது. வாட்ஸாப் குழுக்களில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, இரண்டு மாநிலக்காரர்கள் தங்கள் தங்கள் விதியை ‘அமெரிக்க விதி’ என்று சொல்வதால் வருவது.

உரிமையா, சலுகையா?

அமெரிக்காவில் கல்வியைப் பிள்ளைகளிடமிருந்து சட்டென்று பறிக்க முடியாது. 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த கோஸ் எதிர் லோப்பஸ் தீர்ப்பின்படி, ஒரு மாணவரைச் சில நாள் இடைநீக்கம் செய்வதற்குக்கூடப் பள்ளி அவரிடம் குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். விளையாட்டுக்கு இந்தப் பாதுகாப்பை நீதிமன்றங்கள் பெரும்பாலும் தருவதில்லை. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1985இல் இதைத் தெளிவாகவே சொன்னது: பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடுகளில் பங்கேற்பது மாணவரின் அடிப்படை உரிமை அல்ல.

இதனால்தான் எல்லாப் பள்ளிக் கையேடுகளிலும் ‘பங்கேற்பு ஒரு சலுகை’ என்று ஒரு வரி இருக்கும். சம்பிரதாய வாக்கியம் போலத் தெரிந்தாலும் மற்ற விதிகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. சலுகை என்றால் நிபந்தனை போடலாம், நிபந்தனை மீறினால் நிறுத்தலாம். சாதாரண மாணவரிடம் கேட்க முடியாததை எல்லாம் டீம் மாணவரிடம் பள்ளி கேட்கும்.

அதற்காக மாநிலச் சங்கம் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யலாம் என்றும் இல்லை. பல சங்கங்கள் சட்டப்படி தனியார் அமைப்புகள். ஆனாலும் அரசுப் பள்ளிகளோடு அவை பின்னிப் பிணைந்திருப்பதால் அரசு போலவே அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று டென்னசி மாநில வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. பாகுபாடு காட்டினால் வழக்குப் போடலாம். பெஞ்சில் உட்கார வைத்ததற்குப் போட்டால் நிற்காது.

மதிப்பெண், வயது, எட்டு செமஸ்டர்

‘பாஸ் இல்லையேல் ஆட்டம் இல்லை’ என்பது டெக்சஸ் தந்த வாசகம். 1984இல் ஆளுநர் மார்க் வைட் காலத்தில், தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் சிபாரிசுகளை ஒட்டி வந்த கல்விச் சட்டத்தின் ஒரு பகுதி அது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனாலும் ஆறு வாரம் போட்டியில் இறங்கக் கூடாது என்றது. வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, ஹெல்மெட் மாட்டி ஆடும் அமெரிக்க ஆட்டம்) கோயில் திருவிழா மாதிரி நடக்கிற மாநிலம் அது. கோச்சுகள் கொதித்தார்கள். 1986 தேர்தலில் வைட் தோற்றதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 1995இல் தண்டனையை மூன்று வாரமாகக் குறைத்தார்கள். அந்த நாட்களில் பயிற்சியில் கலந்துகொள்ளலாம், போட்டியில் மட்டும் இறங்கக் கூடாது என்றும் தளர்த்தினார்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று உண்டு. கல்லூரித் தரத்தில் இருக்கும் கடினமான ஏ.பி. பாடம் எடுத்து 66 வாங்கிய பிள்ளையும், சாதாரணப் பாடத்தில் 66 வாங்கிய பிள்ளையும் ஒன்றா? டெக்சஸ் சட்டம் ஏ.பி., ஐ.பி. போன்ற உயர்நிலைப் பாடங்களில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு விலக்கு தருகிறது. எந்தெந்தப் பாடம் என்பது மாவட்டத்தின் பட்டியலில் இருக்கும். பிள்ளையின் பாடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று செப்டம்பரிலேயே பார்த்துவிட்டால் அக்டோபரில் பதறவேண்டாம்.

கலிஃபோர்னியாவின் கணக்கு வேறு. அங்கே ஒரு பாடத்தை மட்டும் பிடித்துக்கொள்வதில்லை. மொத்தச் சராசரி 4க்கு 2.0, அதாவது ‘சி’, இருக்க வேண்டும். ஒன்றில் தடுக்கினாலும் மற்றவை தூக்கிவிடும்.

வயது வரம்பும் உண்டு. டெக்சஸில் செப்டம்பர் 1 அன்று 19 நிரம்பியிருக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஜூன் 15க்கு முன் 19 ஆகியிருக்கக் கூடாது. இதோடு எட்டு செமஸ்டர் விதி. 9ஆம் வகுப்பில் முதலில் சேர்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக நான்கு ஆண்டு. அதற்குள் ஆடியது ஆடியதுதான். உடல் வளர்ந்து பலம் கூடட்டும் என்று பிள்ளையை வேண்டுமென்றே ஒரு வருஷம் பின்னால் இறக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களுக்காகப் போட்ட தடை. இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்களும் இதில் தெரியாமல் மாட்டிக்கொள்ளலாம். அங்கே 9 முடித்த பிள்ளையைப் பழக்கத்துக்காக இங்கே மறுபடி 9இல் சேர்த்தால், அந்த முதல் ஆண்டும் கணக்கில் வருமா என்பதைச் சேர்க்கும் முன்பே பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பள்ளி மாறினால்

செய்திகளில் அதிகம் அடிபடுவது இந்த விதிதான். 2025 இலையுதிர் சீசனில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஃபுட்பால் வீரர்கள் பலர், பள்ளி மாற்ற ஆவணங்களில் பொய்த் தகவல் தந்ததாகத் தகுதி இழந்தார்கள். ஒரு பதினாறு வயதுப் பையன் வீட்டு முகவரிக்காகவா இரண்டு வருஷம் ஆட முடியாமல் போவான் என்று தோன்றும். போவான். சி.ஐ.எஃப். விதிப்படி தவறான தகவலுக்கு 24 மாதம் வரை தடை விதிக்கலாம்.

பயம் எதைப் பற்றி என்று பார்த்தால் விதியின் தர்க்கம் புரியும். பள்ளி டீம் என்றால் அந்தப் பகுதிப் பிள்ளைகளின் டீம். கட்டுப்பாடு இல்லாவிட்டால் வசதியான நாலைந்து பள்ளிகள் ஊரில் உள்ள நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், மற்ற பள்ளிகள் பெயருக்கு ஆடும். அதனால் இரண்டு தடைகள்.

முதலாவது, ஆள் பிடிக்கத் தடை. மேலே சொன்ன டென்னசி வழக்கின் மூலமே இதுதான். 1997இல் ஒரு தனியார் பள்ளியின் ஃபுட்பால் கோச், அடுத்த ஆண்டு சேரவிருந்த 8ஆம் வகுப்புப் பையன்களுக்கு வசந்தகாலப் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். கீழே ‘உங்கள் கோச்’ என்று கையெழுத்து. அவ்வளவுதான் நடந்தது. சங்கம் பள்ளிக்கு 3,000 டாலர் அபராதம் போட்டு, இரண்டு டீம்களை இரண்டு ஆண்டு நாக் அவுட் சுற்றுகளில் ஆடவிடாமல் நிறுத்தியது. பேச்சுரிமை மீறல் என்று பள்ளி சொன்னது. பத்தாண்டு இழுத்து 2007இல் சங்கத்தின் பக்கம் தீர்ப்பானது. விரும்பிச் சேர்ந்த சங்கத்தின் விதிக்குப் பள்ளி கட்டுப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இரண்டாவது, விளையாட்டுக்காகப் பள்ளி மாறத் தடை. டெக்சஸில் பள்ளி மாறி வந்து முதன்முதலாக வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் டீமில், ஆடப்போகும் மாணவருக்கு ஒரு படிவம் உண்டு. பழைய பள்ளி அதில் தன் கருத்தை எழுத வேண்டும். மாற்றம் விளையாட்டுக்காகத்தான் என்று முடிவானால் குறைந்தது ஓராண்டு வார்சிட்டி கிடையாது. இதைத் தீர்மானிக்கும் யூ.ஐ.எல். போட்டி மாவட்டக் குழுவில் உட்காருபவர்கள் யார் தெரியுமா? அதே தொகுதியில் மோதும் பள்ளிகளின் பிரதிநிதிகள். உங்கள் பையன் அடித்த ஷாட்டில் போன வருஷம் தோற்ற பள்ளியும் அந்த மேசையில் இருக்கலாம். விசித்திரமான ஏற்பாடு என்பது என் எண்ணம். மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்ய வழி இருப்பது ஓரளவு ஆறுதல்.

கலிஃபோர்னியாவில் குடும்பம் முழுதாக வீடு மாறியிருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால் சீசனின் முதல் பகுதியில் உட்கார வேண்டிவரும், அல்லது ஓராண்டு இரண்டாம் டீமான ஜேவியில் மட்டும் ஆடலாம். ‘முழுதாக’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பழைய வீட்டைக் காலி செய்யாமல், அப்பா அங்கேயும் அம்மாவும் பிள்ளையும் புது அபார்ட்மென்ட்டிலுமாக இருந்தால் அதை வீடு மாறியதாக ஏற்பது கடினம். வேலைக்காக ஊர் மாறும் ஐ.டி. குடும்பங்களில் இப்படி நிஜமாகவே சில மாதம் பிரிந்திருக்க நேரும். அப்படியென்றால் வேலை மாற்றக் கடிதம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். கேட்ட பிறகு தேடிக் கொடுக்கும் காகிதத்துக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதில்லை.

கோச்சிடம் எதைப் பேசலாம்?

பெற்றோர் ஒப்பந்தத்தின் நெஞ்சுப் பகுதி இது. ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள்.

பேசலாம்: பிள்ளையின் உடல்நிலை, மனநிலை, படிப்பு, நடத்தை, எப்படி முன்னேறலாம் என்பது.

பேசக் கூடாது: எவ்வளவு நேரம் ஆடவிடுகிறீர்கள், எந்த வியூகம், எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள், அப்புறம் மற்ற பிள்ளைகள்.

கடைசி விஷயத்துக்குச் சட்டக் காரணமும் உண்டு. மாணவர் பதிவுகளின் அந்தரங்கம் காக்க 1974இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. ‘அவன் மட்டும் பயிற்சிக்கு வராமலே ஆடுகிறானே’ என்று நீங்கள் கேட்டால், அவனுக்கு என்ன மருத்துவக் காரணம் என்பதை உங்களிடம் சொல்லப் பள்ளிக்கு உரிமை இல்லை. ஆடும் நேரம் பற்றிப் பேசக் கூடாது என்பதோ வெறும் நடைமுறை ஏற்பாடு. 15 பேர் உள்ள கூடைப்பந்து டீமில் களத்தில் ஐந்து பேர். பத்து வீட்டுக்குத் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கோச்சுக்குப் பயிற்சி தர நேரம் இருக்காது. அந்தக் கோச் பெரும்பாலும் அதே பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர். இதற்குத் தனியாகக் கிடைப்பது ஒரு சிறு தொகை.

இதோடு சேர்ந்தது 24 மணி நேர வழக்கம். ஆட்டம் முடிந்த கையோடு, வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து, கோச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு நாள் கழித்து நேரம் கேட்டுப் பேச வேண்டும். பேசுவதிலும் வரிசை உண்டு: முதலில் மாணவரே கோச்சிடம், பிறகு பெற்றோர் கோச்சிடம், அதன்பின் விளையாட்டு இயக்குநர், கடைசியில்தான் தலைமையாசிரியர். நமக்கு இந்த முதல் படி சிரமம். பிள்ளைக்காகப் பெரியவர்கள் பேசுவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே 15 வயதுப் பெண் தானே போய், ‘நான் வார்சிட்டிக்கு வர எதில் தேற வேண்டும்?’ என்று கேட்பதை எதிர்பார்க்கிறார்கள். அப்படிக் கேட்டால் கோச் பதில் சொல்வார். அப்பா கேட்டால் மறுப்பார். கேள்வி அதேதான், கேட்கும் வாய் மட்டும் வேறு.

பார்வையாளர் வரிசையில் நடந்துகொள்ளும் விதமும் ஒப்பந்தத்தில் உண்டு. 2018–19க்குப் பிறகான சில ஆண்டுகளில் நாடு முழுவதும் சுமார் 50,000 நடுவர்கள் பள்ளி விளையாட்டை விட்டுப் போனதாகத் தேசியக் கூட்டமைப்பு சொன்னது. கொரோனாவும் ஒரு காரணம். பெற்றோரின் ஏச்சு இன்னொன்று. நடுவர் கிடைக்காமல் ஆட்டங்களைத் தள்ளிவைக்கும் நிலை வந்ததால்தான் கத்தும் பெற்றோரை வெளியேற்றுவதும், அடுத்த ஆட்டங்களுக்கு வரவிடாமல் தடுப்பதும் கூடியிருக்கிறது. நியூ ஜெர்சியில் டெப்ட்ஃபர்ட் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் லீக் 2023இல் வேறு தண்டனை கண்டுபிடித்தது: நடுவரைத் திட்டியவர் மூன்று ஆட்டங்களுக்குத் தானே நடுவராக நிற்க வேண்டும், அப்புறம்தான் பார்க்க வரலாம். உயர்நிலைப் பள்ளிகளும் இதைப் பரிசீலிக்கலாம்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு உரசல் ஊருக்குப் போவது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து திரும்பும் டிக்கெட் போட்டிருப்போம். டீம் தேர்வு முதல் வாரமே முடிந்திருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கூடைப்பந்து, மல்யுத்த டீம்களுக்குப் பயிற்சியோ போட்டியோ இருக்கும். ‘குடும்பப் பயணம்’ அனுமதிக்கப்பட்ட விடுப்பா என்பதைப் பள்ளிக் கையேட்டில் பார்த்துவிட்டு டிக்கெட் போட வேண்டும். பல பள்ளிகளில் அது விடுப்பாகாது. திரும்பி வந்தபின் சில ஆட்டங்கள் உட்கார வைப்பார்கள்.

மைதானத்துக்கு வெளியே

நடத்தை விதி டீம் மாணவரைப் பள்ளி மணி அடித்த பின்பும் விடாது. மது, போதைப்பொருள், வேப்பிங், புதிதாய்ச் சேர்ந்தவர்களை ராகிங் செய்வது எல்லாவற்றுக்கும் தடை. ராகிங் பெரும்பாலான மாநிலங்களில் குற்றமும்கூட.

போதைப்பொருள் பரிசோதனைச் சம்மதப் படிவத்தின் வரலாறு ஆரிகன் மாநிலத்தின் வெர்னோனியா என்ற சிற்றூரில் தொடங்குகிறது. ஃபுட்பால் டீமில் சேரவந்த ஒரு 7ஆம் வகுப்புப் பையனின் பெற்றோர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். சந்தேகமே இல்லாதபோது எதற்குச் சிறுநீர்ச் சோதனை என்பது அவர்கள் கேள்வி. பையனைச் சேர்க்கவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் பள்ளி பக்கம் நின்றது. தானாக விரும்பி டீமுக்கு வருபவர், உடைமாற்றும் அறையைப் பகிர்ந்துகொள்பவர், அந்த அளவுக்கு அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்றது. 2002இல் ஓக்லஹோமா வழக்கு ஒன்றில் இதைப் பாட்டுக்குழு, வினாடி வினா போன்ற போட்டிச் செயல்பாடுகளுக்கும் நீட்டித்தார்கள். எல்லாப் பள்ளியும் சோதிப்பதில்லை. சோதிக்கலாம் என்பதே சட்டம்.

சமூக ஊடக விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. பென்சில்வேனியாவின் மஹனாய் பகுதிப் பள்ளியில் ஒரு மாணவிக்கு, ஆட்டங்களில் டீமை உற்சாகப்படுத்தும் சியர்லீடிங் வார்சிட்டியில் இடம் கிடைக்கவில்லை, ஜேவிதான். கோபத்தில் ஒரு சனிக்கிழமை கடையில் நின்றபடி, நடுவிரலைக் காட்டி, பள்ளியையும் டீமையும் கெட்ட வார்த்தையில் திட்டி ஸ்னாப்சாட்டில் போட்டாள். இருபத்துநாலு மணி நேரத்தில் மறைந்துவிடும் பதிவு. ஆனால் யாரோ படமெடுத்துக் கோச்சிடம் காட்டிவிட்டார்கள். ஓராண்டு டீமிலிருந்து நீக்கம். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8–1 என்று மாணவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டீம் விதிகளில் கையெழுத்திட்டிருந்தும் அவள் வென்றாள்.

இதை ‘வீட்டிலிருந்து என்ன வேண்டுமானாலும் எழுதலாம்’ என்று படிக்கக் கூடாது. சக மாணவரைத் துன்புறுத்துவது, மிரட்டல் போன்றவற்றில் பள்ளி தலையிடலாம் என்று அதே தீர்ப்பு கதவைத் திறந்துவைத்தது. திட்டுக்கு இலக்கு ஒரு சக ஆட்டக்காரியாக இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம்.

பணம்

சுருக்கமாக இரண்டு விஷயம். விளையாட்டுக் கட்டணம் வாங்கலாமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. பல மாநிலங்களில் சீசனுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். கலிஃபோர்னியாவில் கூடாது, இலவசக் கல்வி என்ற மாநில அரசமைப்புச் சட்ட வாக்குறுதியில் விளையாட்டும் அடங்கும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொல்லிவிட்டது. ஆகவே அங்கே வரும் கடிதத்தில் ‘நன்கொடை’ என்று இருந்தால் நிஜமாகவே நன்கொடைதான். கொடுக்காத வீட்டுப் பிள்ளையை அதற்காக ஒதுக்க முடியாது.

இரண்டாவது, மாணவர் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிப்பது. கல்லூரிகளில் 2021இல் திறந்த கதவு பள்ளிகளுக்கும் வந்து, இப்போது பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன. பொதுவான நிபந்தனை ஒன்று: பள்ளியின் பெயர், சின்னம், சீருடை விளம்பரத்தில் தெரியக் கூடாது. மாமாவின் இந்திய உணவகத்துக்காகப் பள்ளி ஜெர்சியோடு இன்ஸ்டாகிராமில் சிரித்துவிட்டு இலவச பிரியாணி வாங்கிக்கொண்டாலும் அது மீறலாகலாம்.

கல்லூரிக் கனவு

‘ஸ்காலர்ஷிப் கிடைக்கும்’ என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடுவோர் ஒரு கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே தரும் கணக்குப்படி, உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களில் கல்லூரி டீமுக்குப் போவோர் 100க்கு 7 பேர். அதன் உச்ச அடுக்கான முதல் பிரிவுக்குப் போவோர் ஏறக்குறைய 2 பேர். நாடு முழுவதும் பள்ளி டீம்களில் இருக்கும் இடங்கள் 80 லட்சத்துக்கும் மேல்.

அந்த இருவரில் ஒருவராக உங்கள் பிள்ளை இருந்தாலும் பள்ளி விதியில் தேறினால் மட்டும் போதாது. முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களில் 2.3 சராசரி வேண்டும். அதில் 10 பாடங்களை 12ஆம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். சாட் போன்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு மதிப்பெண் தேவையில்லை என்று 2023இல் மாற்றிவிட்டார்கள். 16 பாடங்களும் அந்தப் பள்ளிக்கென்று என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்து வேற்றுமொழிக் கிரெடிட் வாங்கும் பிள்ளைகள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். பள்ளிப் பட்டத்துக்கு அது உதவும். இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 9ஆம் வகுப்பிலேயே, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் கேட்டுவிடுவது நல்லது.

உடம்பு

இதுவரை சொன்னவற்றில் பெற்றோருக்குப் பெரிதாக அதிகாரம் இல்லை. உடல்நலம் என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது.

சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம். சாக்கர் (நம் கால்பந்து), கூடைப்பந்து போன்றவற்றில் நகை கூடாது. மூக்குத்தி, தோடு, கைச்சங்கிலி எல்லாம் ஆட்டத்துக்கு முன் கழற்ற வேண்டும்; மூக்குத்தி மேல் பிளாஸ்திரி ஒட்டினாலும் நடுவர் ஏற்கமாட்டார். ஆனால் சமயச் சின்னம் நகையாகாது. சாக்கர் விதிப்படி அதை உடம்போடு டேப் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் முருகன் டாலர் போட்ட பையனின் அம்மா சீசன் தொடங்குமுன் கோச்சிடம் ஒரு வரி எழுதிப் போட்டால் மைதான ஓரத்தில் தகராறு வராது.

வெயில் பெரிய விஷயம். ஃப்ளோரிடாவில் 2017இல் ஒரு பள்ளி ஃபுட்பால் வீரர் பயிற்சியில் வெப்பத் தாக்கு வந்து இறந்தார். அவர் பெயரில் 2020இல் வந்த சட்டப்படி, வெப்பநிலையைக் கருவி வைத்து அளக்க வேண்டும். ஆளை முக்கிக் குளிர்விக்கப் பனிநீர்த் தொட்டி தயாராக இருக்க வேண்டும். ‘நாங்கள் மதுரை வெயிலில் ஆடாததா’ என்று நினைப்பவர்கள், தடித்த ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு ஆடிப் பார்த்ததில்லை.

தலையில் அடி. வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் ஃபுட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆடப்போனான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நடக்கவும் பேசவும் மீண்டும் பழகப் பல ஆண்டு ஆனது. 2009இல் அவன் பெயரில் வந்த சட்டம்தான் இந்த வகையில் முதலாவது. 2014க்குள் எல்லா மாநிலங்களிலும் இதுபோல ஒன்று வந்துவிட்டது. சாரம் மூன்று:

1. சீசனுக்கு முன் மாணவரும் பெற்றோரும் அறிகுறிகளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

2. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே உடனே வெளியே எடுக்க வேண்டும். அன்று திரும்ப இறக்கக் கூடாது.

3. தகுந்த மருத்துவப் பயிற்சி பெற்றவர் எழுத்தில் அனுமதித்தால்தான் திரும்பலாம். கலிஃபோர்னியாவில் மருத்துவர் உறுதி செய்துவிட்டால் குறைந்தது ஏழு நாள் ஆகும்.

பிள்ளைகள் அறிகுறியை மறைப்பார்கள். அடுத்த வாரம் பெரிய ஆட்டம் இருக்கும், இடம் போய்விடும் என்ற பயம் இருக்கும். தலைவலி, வெளிச்சம் கூசுவது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் எல்லாம் இரவில் வீட்டில்தான் தெரியும், கோச்சுக்குத் தெரியாது.

டெக்சஸ் சட்டம் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்று நினைத்தால் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும் என்கிறது. அப்படி நினைப்பவர் கோச்சாகவோ மருத்துவராகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. பெற்றோர் என்றும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. எந்த வியூகத்தையும் கேள்வி கேட்க முடியாத அப்பா, பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி வந்து ‘அவனை வெளியே எடுங்கள்’ என்றால் கோச் எடுத்தே ஆக வேண்டும். சோதிக்கும் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதும் குடும்பமே. மருத்துவர் சரி என்று எழுதித் தந்தபின்னும் ஒரு படிவம் மிச்சம் இருக்கும். அதில் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடும்வரை, அடுத்த ஆட்டம் மாநில இறுதிப் போட்டியே ஆனாலும், கோச்சால் அவனைக் களத்தில் இறக்க முடியாது.